இடது பக்கம் வரவில்லை

தேவனேரி, மாமல்லபுரம்
14.9.2024

அண்ணனுக்கு,

என் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அண்ணியும் எடுப்பதில்லை. "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு, போன்ல நீ அழுவுறத கேட்டுகினு ஒக்கார எனக்கு நேரம் இல்ல" என்று நீதான் கடைசியாகச் சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

அப்பாவை அனுப்பப் போவதாக ஒரு வார்த்தை சொன்னாயா? வியாழக்கிழமை காலை மாடி அறை விருந்தினர்களுக்கு நாஸ்தா எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் செல்வராஜின் டெம்போ வந்து நின்றது. பின்னால் அந்த ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளி, ரெக்கார்டு பிளேயர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, இசைத்தட்டுகள் அடுக்கிய அட்டைப் பெட்டிகள். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. "முன்னாடி சீட்டுல ஒக்காரச் சொன்னேங்கா. பொட்டிய புடிச்சிகினு வரேன்னு அவுருதான் பின்னாடி ஏறிக்கினாரு" என்றான் செல்வராஜ். கருங்குழியிலிருந்து இங்கே வரை அந்த வெயிலில் அப்படியே வந்திருக்கிறார்.

மாப்பிள்ளை ராகவன் என்ன நினைப்பார் என்று யோசித்தாயா? இது அவர் கட்டிய வீடு. அறைகளை வாடகைக்கு விட்டுத்தான் சாப்பிடுகிறோம். அப்பாவைக் கீழ் அறையில் படுக்க வைத்திருக்கிறேன். கடலைப் பார்த்த அறை அது ஒன்றுதான். டிசம்பர் சீசனுக்கு அது வேண்டும். எத்தனை நாள் இருப்பார் என்று எழுது.

இன்னொன்று. ஆம்ப்ளியில் இடது பக்கம் வரவில்லை. அப்பா காலையில் எழுந்ததும் ரெக்கார்டு போடுகிறார். வலது பெட்டி பாடுகிறது, இடது ஊமை. நானும் காதை வைத்துப் பார்த்தேன், லேசான உறுமல்தான் கேட்கிறது. அதைச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குகிறார். விருந்தினர் வந்தால் அவர்களிடமும் சொல்கிறார்: "எம் புள்ள ஊருக்கெல்லாம் மைக் கட்றான். வூட்டுப் பொட்டி ஒரு பக்கம் ஊமையா கீது." இத்தனை வருஷம் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கும் நீ இதைப் பார்த்துக் கொடுத்துவிட்டு அனுப்பியிருக்கக் கூடாதா? எப்படிச் சரி செய்வது என்றாவது எழுது.

சுஜாதா

*

கருங்குழி
21.9.2024

சுஜாதாவுக்கு,

அம்மா போன பிறகு ஒன்பது வருஷம் அவர் என் வீட்டில் இருந்தார். அப்போது நீ என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? நான் ஒரு நாள் கேட்காமல் அனுப்பியது உனக்குப் பெரிதாகிவிட்டது. எத்தனை நாள் இருப்பார் என்று கேட்டிருக்கிறாய். அதை அவரிடமே கேள். என்னிடம் அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

டெம்போவில் பின்னால் ஏறியது அவர் விருப்பம். அந்தப் பெட்டியை நம்புகிற அளவுக்கு அவர் எந்த மனிதரையும் நம்பியதில்லை. கடற்கரை விடுதியில் ஸ்டோர் பார்த்த காலத்தில் ஊருக்குத் திரும்பிய ஜெர்மன்காரன் அதை அவர் தலையில் கட்டினான். அன்றிலிருந்து நமக்குப் புதுத் துணி எடுக்காத வருஷம் உண்டு, அவர் புது ரெக்கார்டு வாங்காத வருஷம் கிடையாது. உனக்கு மறந்திருக்கலாம்.

ஆம்ப்ளியைப் பற்றி மட்டும் ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். அது என்னை ஒன்றும் சொன்னதில்லை.

முதலில் பின்பக்கம் பார். ஜோடி ஜோடியாகத் துளைகள் இருக்கும். ரெக்கார்டு பிளேயர் வயர் சொருகியிருப்பது ஃபோனோ. பக்கத்தில் 'ஆக்ஸ்' என்று இருக்கும். அதில் உன் போனை வயர் போட்டு இணைத்துப் பாட்டுப் போடு. இரண்டு பக்கமும் பாடினால் ஸ்பீக்கரும் பெரிய சர்க்யூட்டும் நல்லபடி இருக்கின்றன, நோய் ஃபோனோ வழியில்தான்.

பிறகு வால்யூமைக் குறைத்துவிட்டு, ஃபோனோவில் இருக்கும் இரண்டு பின்களையும் இடம் மாற்றிச் சொருகு. சிவப்பை வெள்ளையில், வெள்ளையைச் சிவப்பில். ஊமை வலது பெட்டிக்குத் தாவினால் குற்றம் பிளேயரில் அல்லது வயரில். எதை மாற்றினாலும் இடதிலேயே நின்றால் ஆம்ப்ளிக்குள்.

உன் மாப்பிள்ளைக்குச் சிவப்பும் வெள்ளையும் தெரியும் என்று நினைக்கிறேன்.

தீனதயாளன்

*

தேவனேரி
30.9.2024

அண்ணனுக்கு,

நீ எழுதியபடி செய்தேன். போனை இணைத்தால் இரண்டு பெட்டியும் பாடுகின்றன. பின்களை மாற்றினேன், ஊமை நகரவில்லை, இடதிலேயே நின்றது. ஆம்ப்ளிக்குள்தான் போலிருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும், எழுது.

அப்பா இங்கே யாரோடும் ஒத்துப் போகவில்லை. "சோறு போட்டு துட்டு வாங்கற வூடு" என்று சாப்பாட்டு மேஜையிலேயே சொன்னார். எதிரே புனேவிலிருந்து வந்த தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் தெரியாதவர்கள், பிழைத்தோம். ராகவனுக்குத் தெரியுமே, எழுந்து போய்விட்டார். கைப்பிடித்து என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ராகவனை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "கடைக்காரர்" என்றுதான்.

கூப்பிட்டால் திரும்புவதில்லை. பக்கத்தில் நின்று மூன்று முறை கூப்பிட வேண்டியிருக்கிறது. நான் எதிரே போய் நின்றால்தான் "இன்னா?" என்கிறார். உன்னிடமும் இப்படித்தானா?

சுஜாதா

*

கருங்குழி
8.10.2024

சுஜாதாவுக்கு,

என்னிடமும் அப்படித்தான். அது திமிர். சத்தமாகக் கூப்பிடு, தானாகத் திரும்புவார்.

ஆம்ப்ளிக்கு வருவோம். மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். உள்ளே ஐம்பது வருஷத் தூசி இருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடு. முன்பக்கம் ஃபோனோ, ரேடியோ என்று மாற்றும் திருகு இருக்கிறதே, அதன் பின்புறம் காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அடித்து, திருகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பல தடவை திருப்பு. பாதி ஆம்ப்ளிகள் இதிலேயே பிழைத்துவிடும்.

பிழைக்காவிட்டால், ஃபோனோ துளைக்கு நேர் பின்னால் சின்ன போர்டு ஒன்று நிற்கும். கரண்ட் கொடுத்து ரெக்கார்டை ஓட விட்டு, மரக் குச்சியால் அந்த போர்டை மெதுவாகத் தட்டு. தட்டும்போது இடது பெட்டி கரகரத்து வந்து போனால் ஈயப் பற்று விட்டிருக்கிறது என்று அர்த்தம். பின்னைச் சுற்றி மயிரிழை மாதிரி வளையம் தெரியும். பழையதை உருக்கிவிட்டுப் புதிதாகப் பற்ற வைக்க வேண்டும்.

அப்பா இங்கே சாப்பாட்டு மேஜையில் என்னென்ன பேசினார் என்று நான் உனக்கு ஒரு கடிதமாவது எழுதியிருப்பேனா? அவர் அங்கே வந்து மூன்று வாரம் நீ தாங்கவில்லை. ராகவன் எழுந்து போய்விட்டாராம். எழுந்து போக அவருக்கு ஒரு மாடி இருக்கிறது.

தீனதயாளன்

*

தேவனேரி
19.10.2024

அண்ணனுக்கு,

உன்னால் இரண்டு நாளாக என் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஸ்பிரே அடித்துப் பார்த்தோம், இடது லேசாக வந்து மறுபடி போனது. பிறகு நீ சொன்னபடி கரண்ட் கொடுத்து மரக் குச்சியால் தட்டினார் ராகவன். இன்னொரு கையைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றியிருக்கிறார். அங்கேதான் பவர் ஸ்விட்சின் கம்பிகள் திறந்து கிடந்தன. ஷாக் தூக்கி எறிந்ததில் அலமாரிக் கண்ணாடி உடைந்து முழங்கையில் தையல். மரக் குச்சி என்று எழுதத் தெரிந்த உனக்கு, மற்ற கையை எங்கே வைக்கக் கூடாது என்று எழுதத் தெரியவில்லையா? மறந்தாயா, வேண்டுமென்றே விட்டாயா?

அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. ராகவன் தரையில் கிடக்கிறார், இவர் "ரெக்கார்டு கீறிடப் போவுது, ஊசிய தூக்குங்க" என்கிறார்.

மறுநாள் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் வேண்டா என்ற பெண்ணைக் கூட்டி வந்தேன். "இன்னாக்கா, இது எங்க ஆயா வயசு கீது" என்று சிரித்தாள். இடது ஃபோனோ பின்னைச் சுற்றி நீ சொன்ன அதே வளையம் இருந்தது. பழையதை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வைத்தாள். ரெக்கார்டைப் போட்டால் இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. நான் கேட்டேன், வேண்டா கேட்டாள், கையில் கட்டோடு ராகவனும் கேட்டார்.

அப்பா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இடது வரல" என்றார்.

"நைனா, வருது, நல்லா கேளு."

"வரலம்மா. எல்லாம் வலது பக்கத்துலயே கீது."

நான் இடது பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைக்காத குறை. வரவில்லை என்கிறார். "நடிக்கிறாரு. இந்தக் கோளாறு இருக்கற வரைக்கும் எல்லாரும் தன்ன சுத்தி நிப்பாங்கன்னு அவருக்குத் தெரியும்" என்றார் ராகவன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. "இன்னொரு தடவ இடது வரலன்னா இந்தப் பொட்டியயும் கடல்ல போடுவேன், உன்னயும் ஓல்டு ஹோம்ல போடுவேன்" என்று கத்திவிட்டேன். கத்தியது கேட்டது. வாயை மூடிக்கொண்டார்.

இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

சுஜாதா

*

கருங்குழி
27.10.2024

சுஜாதாவுக்கு,

கரண்ட் ஓடும் பெட்டிக்குள் ஒரு கை போனால் மறு கை பாக்கெட்டில் இருக்க வேண்டும். என்னிடம் சீரியல் பல்பு கட்டுகிறவனுக்கும் தெரிந்ததை எழுதிக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்னும் பார்க்கலாம். ஊசியை மாற்றிப் பார். ஊசி ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஒரு பக்கம் அமுங்கிக் கேட்கும். ஸ்பீக்கர் வயர்களை மாற்று. பேலன்ஸ் திருகைக் கழற்றிச் சுத்தம் செய். ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் அவரைக் கேள். அவர் வருகிறது என்று சொல்லும்வரை விடாதே.

ஓல்டு ஹோம் என்று நீயும் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். எனக்கு அந்த வார்த்தை வர நான்கு வருஷம் ஆனது.

தீனதயாளன்

*

தேவனேரி
9.11.2024

தீனதயாளன் அவர்களுக்கு,

அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை.

ஊசி மாற்றினேன். வயர் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் "வருதா நைனா?" என்று கேட்டேன். நான் கத்தியதற்குப் பிறகு அவர் வாயால் பதில் சொல்வதில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறார். இல்லை என்று.

தீபாவளி முடிந்த மறுநாள் நாற்காலி இருந்த இடத்தைக் கூட்டுவதற்காக அதைத் திருப்பிப் போட்டிருந்தேன். அப்பா அப்படியே ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். ரெக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. "சுசி, இடது வந்துருச்சி. இப்ப வலது போச்சு" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. நான் பெட்டியில் ஒன்றையும் தொடவில்லை. ஆள் திரும்பியிருந்தார், அவ்வளவுதான். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஊமை அவரோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

பாட்டை நிறுத்தினேன். பின்னால் போய் அவர் வலது காதை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது காதருகில் "நைனா" என்றேன். பதில் இல்லை. "நைனா, நைனா" என்று கத்தினேன். காதைப் பொத்தியிருந்த என் கையைத் தடவிக்கொண்டு, "இன்னாம்மா, வெளையாட்றியா?" என்றார்.

செங்கல்பட்டில் காது டாக்டரிடம் காட்டினேன். லைட் அடித்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா சீட்டு எழுதினார்கள். செவிப்பறை கிழிந்திருக்கிறது. பழைய கிழிசல். சீழ் வைத்து உள்ளே வரை போய்விட்டது. இந்த வயதில், இந்த சர்க்கரையில், இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது, சொட்டு மருந்து போட்டு சீழைக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். பிறகு, "ஐயா, யாராவது கன்னத்துல அறைஞ்சாங்களா?" என்று வலது பக்கம் குனிந்து கேட்டார்கள். "பாத்ரூம்ல வழுக்கி வுழுந்தேன்" என்றார் அப்பா.

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. பிறகு அவரே ஆரம்பித்தார்.

"அன்னிக்கு கல்யாண பார்ட்டிக்காரங்க வந்துருந்தாங்க. மண்டபத்துக்கு சவுண்டு பேச வந்தவங்க. நான் வாய வெச்சிகினு சும்மா இருந்துருக்கலாம். ரெண்டு வருஷமா கேக்கறேன், வூட்டுப் பொட்டியில ஒரு பக்கம் வரல, அத பாக்க துப்பு இல்ல, இவன் உங்களுக்கு மைக் கட்றானாமான்னுட்டேன். அவங்க சிரிச்சாங்க. அப்பறம் வரோம்னு எழுந்து பூட்டாங்க. அவங்க வண்டி தெரு திரும்பல, வுழுந்துச்சு."

"இன்னா வுழுந்துச்சு?"

"கைதான். வேற இன்னா?"

ஒரு வாரம் காதுக்குள் விசில் மாதிரி அடித்துக்கொண்டே இருந்ததாம். அண்ணி எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாளாம். பிறகு விசிலும் நின்றுவிட்டதாம். "பொட்டியிலயும் இடது வரல, எனக்கும் இடது வரல. எது பொட்டி, எது நானுன்னு எனக்கே தெரியாம பூடுச்சு" என்றார். பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். தன் குரலின் அளவு இப்போது அவருக்குத் தெரிவதில்லை.

உனக்கு இது தெரியும். திமிர் என்று எழுதினாய். ஊசியை மாற்றச் சொன்னாய். அவர் வருகிறது என்று சொல்லும்வரை விடாதே என்று எழுதினாயே, எந்தக் கையால் எழுதினாய்?

நான் சும்மா விடப் போவதில்லை. பெற்றவரை அடிப்பவர்கள் மேல் மனு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. டாக்டர் சீட்டு என்னிடம் இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்குப் போகிறேன்.

சுஜாதா

*

கருங்குழி
15.11.2024

சுஜாதாவுக்கு,

ஆமாம், அடித்தேன். மன்னிப்புக் கேட்க எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ கேட்டாய், சொல்கிறேன்.

அந்த மண்டபக்காரர்கள் திரும்பி வரவில்லை. அவர்கள் சொல்லி, அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வரவில்லை. அது இருக்கட்டும். உன் அண்ணி அமிர்தவல்லிக்குக் குழந்தை தங்காத ஒவ்வொரு தடவையும் அவர் என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறேன். வாசலில் உட்கார்ந்துகொண்டு, "இதுவும் ஒரு பக்கம் வராத கேஸ்தான்" என்றார். பெட்டியை வைத்துச் சிரிப்புக் காட்டினார். அன்று நான் அடிக்கவில்லை. அதற்கடுத்த தடவையும் அடிக்கவில்லை. நீ கணக்குப் பார்ப்பதென்றால் நான் அடிக்காத நாட்களையும் சேர்த்துப் பார்.

காது போனது எனக்குத் தெரியும். நீ முதல் கடிதம் எழுதும் முன்பே தெரியும். ஆம்ப்ளியிலும் கோளாறு இருந்தது, அதில் நான் பொய் சொல்லவில்லை. நான் சொன்ன வழியில்தான் அது சரியானது. அதற்கு மேல் உன்னைக் கழற்ற விட்டேன், அது உண்மை. நீயும் உன் கடைக்காரரும் ஊசி மாற்றி, வயர் மாற்றி, அவர் காலடியில் குனிந்து "வருதா, வருதா" என்று கேட்டுக்கொண்டிருப்பதை நினைத்து நானும் அமிர்தவல்லியும் சிரித்தோம். இந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவோ காலமாகிறது.

மனு கொடு. தாராளமாகக் கொடு. நான் வந்து கையெழுத்துப் போடுகிறேன், அடித்தேன் என்று. அவர்கள் என்ன சொல்வார்கள்? அடிக்கிறவன் வீட்டில் இனி அவர் இருக்கக் கூடாது என்பார்கள். நல்லது. எங்கே இருப்பார் என்று கேட்பார்கள். உன்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். கடலைப் பார்த்த அறை இருக்கிறது என்று சொல். ஆயுசுக்கும் இருக்கிறது என்று சொல்.

சொல்லிவிட்டு எனக்கு எழுது. அன்றே அவர் துணிமணியெல்லாம் செல்வராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

தீனதயாளன்

*

தேவனேரி
26.11.2024

அண்ணனுக்கு,

செங்கல்பட்டுக்குப் போனேன். மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்தேன். அங்கே இருந்த பெண் படித்துப் பார்த்துவிட்டு, "பாவங்க. இனிமே உங்க கூடத்தானே இருப்பாரு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உனக்குப் பிடித்திருக்கும்.

ராகவன் சண்டை போடவில்லை. அமைதியாகத்தான் சொன்னார். சீசன் முழுவதும் கீழ் அறைக்கு ஆள் பதிவு செய்திருக்கிறார்கள். மாடிப்படி அப்பாவால் ஏற முடியாது. சீழ் நாற்றம் சாப்பாட்டு இடம் வரை வருகிறது என்று ஒரு விருந்தினர் நெட்டில் எழுதிப் போட்டிருக்கிறார், அதைப் படித்து இரண்டு பேர் அறையை ரத்து செய்துவிட்டார்கள். "நான் அவர அடிக்கல. ஒரு வார்த்த சொல்லல. ஆனா என்னால முடியாது" என்றார். எனக்கும் முடியவில்லை என்பதை அவர் என்னைச் சொல்ல வைக்கவில்லை. அந்த மட்டும் நல்லவர்.

டிசம்பர் ஐந்தாம் தேதி காரில் அனுப்புகிறேன். டெம்போவில் அல்ல. முன் சீட்டில்.

சொட்டு மருந்து பையில் இருக்கிறது. காலை, மாலை, இடது காதில். எண்ணெய் ஊற்றக் கூடாது என்று அண்ணியிடம் சொல். சத்தமாகப் பேசினால் வலது காதில் கேட்கிறது. இனி அவரிடம் இருப்பது அந்த ஒன்றுதான். கை ஓங்கும்போது அதை நினைத்துக்கொள்.

ஆம்ப்ளி இங்கேயே இருக்கட்டும். இப்போது அது நன்றாகப் பாடுகிறது. ராகவன் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார், மாலையில் விருந்தினர்கள் இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் போட்டுக் கேட்கிறார்கள், படம் எடுத்துப் போடுகிறார்கள். ரத்தான அறைகளுக்கு மறுபடி ஆள் வந்தது அதனால்தான். ஒரு காதில் கேட்கிறவருக்கு ஸ்டீரியோ எதற்கு? சின்னதாக ஒரு ரேடியோ வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

கார் வரப்போவதை அவர் எதிரே உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "உங்கண்ணன் வரச் சொன்னானா?" என்றார். ஆமாம் என்றேன். சட்டையை எல்லாம் அவரே மடித்து வைத்தார். ஆம்ப்ளி வராது என்பதை மட்டும் அவருடைய இடது பக்கத்தில் நின்று சொன்னேன். சொல்லவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது.

சுஜாதா

*

கருங்குழி
11.12.2024

சுஜாதாவுக்கு,

வந்து சேர்ந்தார். டிரைவர் கதவைத் திறந்து விட்டும் இறங்காமல், பின்னால் டிக்கியைத் திறக்கச் சொன்னார். அதில் துணிப்பையும் ரேடியோவும்தான் இருந்தன. "பொட்டி?" என்றார். "உம் பொண்ணு வெச்சிகினா" என்று வலது காதில் சொன்னேன். நீ சொல்லாததை நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் உன்னைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. நான் அதற்குத் தயாராக நின்றிருந்தேன்.

ரேடியோவை அவர் தொடவில்லை. அமிர்தவல்லி சமையலறையில் வைத்திருக்கிறாள்.

உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன், நான் அவர் மேல் கை வைக்கவில்லை. ஆனால் வேறு ஒரு தொல்லை ஆரம்பித்திருக்கிறது. சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருப்பதில்லை. எவ்வளவு கத்தினாலும் எழுந்திருப்பதில்லை. போய்ப் பார்த்தால் விழித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறார், வலது காதைத் தலையணையில் அழுத்தி. பகலிலும் அப்படித்தான், உட்கார்ந்தால் வலது காதைச் சுவரில் சாய்த்துக்கொள்கிறார். தொட்டுத்தான் எழுப்ப வேண்டியிருக்கிறது. தொட்டால் இரண்டு கையாலும் முகத்தை மறைக்கிறார். நேற்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சோற்றுத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாயாடிக்கொண்டே இருந்த மனுஷன் இப்படி ஆனது எப்படி? உன் வீட்டிலும் இப்படித்தான் படுத்தாரா? உண்மையை எழுது.

தீனதயாளன்

*

தேவனேரி
19.12.2024

அண்ணனுக்கு,

வந்த புதிதில் இல்லை. மல்லாந்துதான் படுப்பார், குறட்டை மாடி வரை கேட்கும்.

கார் வரப்போகிறது என்று சொன்ன நாளிலிருந்து அப்படித்தான் படுத்தார். நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

சுஜாதா